எந்த மாநிலம் தனித்து நின்றிருக்க முடியும்? டெக்சஸ், கலிபோர்னியா, கென்டக்கி: ஓர் ஒப்பீடு

பெங்களூரில் வாழ்ந்துகொண்டு தமிழில் புனைகதை எழுதும் நாங்கள் சிலர், ஒரு மாற்று வரலாற்றுத் தொடரைச் சேர்ந்து எழுதுவதாக இருக்கிறோம். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஒரு மாநிலம் வடக்கின் ஒன்றியத்தை விட்டு விலகுகிறது. ஆனால் தெற்கின் கூட்டமைப்பிலும் சேராமல் தனி நாடாக நிற்கிறது என்பதே கதையின் அடிப்படை. எந்த மாநிலம் என்பதில்தான் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. அல்சூர் ஏரிப் பக்கம் வார இறுதிகளில் கூடும்போது டெக்சஸ் என்று சிலரும், கலிபோர்னியா என்று ஒருவரும், கென்டக்கி என்று நானும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். பேச்சில் அவரவர் தமக்குப் பிடித்த மாநிலத்தின் வலுவை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவதால், எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பதற்காக இதை எழுதுகிறேன்.

மாற்று வரலாறு என்றால் எதை வேண்டுமானாலும் நடந்ததாக எழுதிவிடலாம் என்று நான் கருதவில்லை. நடந்த வரலாற்றில் ஓரிரண்டு இடங்களில் மட்டும் கைவைத்து, மற்றவையெல்லாம் அதன் விளைவாக மாறிக்கொண்டே போவதைக் காட்டினால்தான் வாசகர் நம்பிக்கையோடு கூட வருவார். ஆகவே, தனித்து நிற்பது என்ற எண்ணம் அந்த மாநிலத்தில் அன்றைக்கு உண்மையிலேயே இருந்ததா, இருந்தால் யாரிடம் இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். அது நிறைவேற எத்தனை நிகழ்ச்சிகளை மாற்ற வேண்டியிருக்கும், பிரிந்த நாடு எதை விற்று எந்த வழியாக எவ்வளவு காலம் பிழைத்திருக்கும் என்பவை அடுத்த கேள்விகள். இன்னொரு கேள்வியை எங்கள் பேச்சில் யாரும் எடுக்கவில்லை. எனக்கோ அதுதான் முதன்மையானது. அந்த மாநிலத்தில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த மனிதர்களுக்கு இந்தப் பிரிவினை என்ன செய்திருக்கும்? 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். அவர்களை ஓரத்தில் நிறுத்திவிட்டு எழுதப்படும் பிரிவினைக் கதை, கொடிகளையும் தளபதிகளையும் வைத்து ஆடும் ஆட்டமாக முடிந்துவிடும்.

பேச்சில் அடிபட்ட இரண்டு பெயர்களை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். தென் கரோலினா 1860 டிசம்பர் 20 அன்று 169க்குப் பூஜ்யம் என்ற வாக்கில் பிரிந்தது. 1861 ஜனவரி 9இல் மிசிசிப்பி பிரியும் வரை அது உண்மையிலேயே தனியாகத்தான் நின்றது என்பதால் அதைச் சேர்க்கச் சொன்னார்கள். ஆனால் அந்த இடைவெளியில் அது செய்த வேலையே மற்ற தென் மாநிலங்களுக்குத் தூதர்களை அனுப்பி ஆள் சேர்த்ததுதான். 1832இல் கூட்டாட்சி அரசின் இறக்குமதி வரி தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்துவிட்டு, துணைக்கு ஒரு மாநிலமும் வராததால் பின்வாங்கிய அனுபவம் அதற்கு இருந்தது. மற்றவர்கள் பின்தொடராமல் அது மட்டும் பிரிந்து நின்றதாக எழுதினால், நாம் அறிந்த உள்நாட்டுப் போரே வெடித்திராது. நம் கதைக்கு அடிப்படையே இல்லாமல் போகும். இன்னொன்று நியூயார்க் நகரம். அதன் மேயர் பெர்னாண்டோ வுட், தெற்கின் பருத்தி வணிகத்தை இழக்க மனமில்லாமல், நகரம் தனியாகப் பிரிந்து சுதந்திர நகரமாகலாம் என்று 1861 ஜனவரியில் மாநகர மன்றத்துக்கு எழுதினார். அது மாநிலமும் இல்லை. ஏப்ரலில் சம்டர் கோட்டை மீது தெற்கு குண்டு வீசியதும் அந்த எண்ணம் நகரத்தில் அடங்கிப்போனது. ஒரு சிறுகதைக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

கலிபோர்னியாவை முன்மொழிந்த நண்பர் கோலார் தங்கவயல் குடும்பத்திலிருந்து வந்தவர். மண்ணுக்குள் இறங்கித் தங்கம் எடுப்பவர் ஒருவர், அதன் விலையை அனுபவிப்பவர் வேறொருவர் என்பதை வீட்டுப் பேச்சாகவே கேட்டு வளர்ந்தவருக்கு, 1849இன் தங்க வேட்டையில் உருவான மாநிலம் ஏன் தன் தங்கத்தைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது என்று தோன்றுவது இயல்பு. அவருடைய வலுவான வாதம் தொலைவு. 1861 அக்டோபர் 24இல் தந்திக் கம்பி இணையும் வரை, கிழக்கிலிருந்து செய்தி வர வேண்டுமானால் மிசௌரியிலிருந்து சாக்ரமென்டோ வரை குதிரை மேல் ஏறத்தாழ பத்து நாள் பயணம். ரயில் பாதை இணைந்தது 1869இல்தான். பசிபிக் குடியரசு என்ற பேச்சும் அன்றைக்கு இல்லாமலில்லை. ஆளுநராக இருந்த ஜான் வெல்லரே, நாடு உடையுமானால் கலிபோர்னியா தனி வழி பார்க்கலாம் என்ற பொருளில் பேசியிருக்கிறார்.

இருந்தும், தொலைவைத் தவிர அங்கே வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அதன் தங்கத்துக்குச் சந்தையும், வரப்போகிற ரயில் பாதைக்குப் பணமும் கிழக்கில்தான் இருந்தன. பசிபிக் படைப்பிரிவின் தளபதியாக இருந்த, பின்னர் தெற்கின் தளபதியான ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டனை 1861 ஏப்ரலில் எட்வின் சம்னர் வந்து மாற்றினார். செப்டம்பரில் அதிபர் லிங்கனின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த லீலண்ட் ஸ்டான்போர்டு ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அது அடிமைமுறை இல்லாத மாநிலம் என்பதால் என் முதன்மையான கேள்விக்கு அங்கே இடமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பழங்குடி மக்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் கொத்தடிமைகளாக ஒப்படைக்க வழிசெய்த சட்டம் ஒன்று 1850இலேயே அங்கு இயற்றப்பட்டது. அது தனியாக, பெரிதாக எழுதப்பட வேண்டிய கதை. உள்நாட்டுப் போரின் நடுவே பிரியும் மாநிலத்தின் கதைக்கு கலிபோர்னியா பொருந்தவில்லை.

டெக்சஸுக்கு ஆதரவு அதிகம். அதற்கு நியாயமும் இருக்கிறது. 1836 முதல் 1845 வரை அது உண்மையிலேயே ஒரு குடியரசாக இருந்தது. அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன் ஆகியவை அதை அங்கீகரித்தன. கடற்கரை உண்டு, கால்வெஸ்டன் துறைமுகம் உண்டு, தெற்கே மெக்சிகோ எல்லை உண்டு, விற்பதற்குப் பருத்தி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக சாம் ஹூஸ்டன் என்ற மனிதர் இருக்கிறார். 1836இல் சான் ஹசிண்டோவில் மெக்சிகோ படையை வென்றவர், குடியரசுக்கு இருமுறை தலைவராக இருந்தவர், 1861இல் ஆளுநர். பிரிவினையை அவர் எதிர்த்தார். ஒன்றியத்தை விட்டு விலகியே தீர வேண்டுமானால் டெக்சஸ் தன் பழைய குடியரசு நிலைக்குத் திரும்பலாமே தவிர, இன்னொரு கூட்டமைப்பில் சேரும் அதிகாரம் பிரிவினையை முடிவுசெய்யக் கூடிய மாநாட்டுக்கு இல்லை என்று வாதிட்டார். கூட்டமைப்புக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க 1861 மார்ச் 16 அன்று அவரை அழைத்தார்கள். ஆஸ்டின் தலைமைச் செயலகத்தில் அவருடைய பெயரை மும்முறை கூப்பிட்டபோது, அவர் கீழ்த்தளத்தில் ஒரு மரத்துண்டைக் கத்தியால் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று சொல்லப்படுகிறது. பதவி போனது, துணை ஆளுநர் எட்வர்ட் கிளார்க் அந்த இடத்துக்கு வந்தார். ஹூஸ்டனைப் பதவியில் நிறுத்தப் படை அனுப்புவதாக லிங்கன் சொன்னதையும் அவர் ஏற்கவில்லை. கதை எழுதுகிறவர்களின் கை இந்தக் காட்சியை நோக்கிப் போவதில் வியப்பில்லை.

ஆனால் அந்தக் காட்சிக்குப் பின்னால் இருக்கும் எண்களைப் பார்க்க வேண்டும். பிப்ரவரி 1 அன்று மாநாடு 166க்கு 8 என்று பிரிவினைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. பிப்ரவரி 23இல் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 46,000 பேர் ஆதரித்தார்கள். 15,000 பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் எதிர்த்தார்கள். அந்த வாக்கெடுப்பு முடிவதற்கு முன்பே கூட்டமைப்பின் தற்காலிகத் தலைநகரான மான்ட்கோமரிக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. ஆதரித்து வாக்களித்தவர்கள் கூட்டமைப்பை விரும்பினார்கள். எதிர்த்து வாக்களித்தவர்கள் ஒன்றியத்தை விரும்பினார்கள். தனிக் குடியரசு என்பது ஹூஸ்டன் என்ற வழக்கறிஞருக்கு மட்டும் இருந்த வழக்கு. அதற்குக் கட்சிக்காரர்கள் இல்லை. அவருமே கூட்டமைப்பில் சேருவதைத் தடுப்பதற்கான ஒரு வழியாகத்தான் அதை முன்வைத்தார் என்பது என் கணிப்பு. சுதந்திர டெக்சஸை உருவாக்க வேண்டுமானால் பல்லாயிரம் வாக்காளர்களின் மனத்தை நாம் மாற்ற வேண்டியிருக்கிறது. அது சிறிய மாற்றமல்ல.

நம் வாசகர்களுக்கு இதை விளக்கத் திருவிதாங்கூரை நினைவூட்டினால் போதும். 1947 ஜூன் 11 அன்று திவான் சி.பி. ராமசாமி ஐயர், ஆங்கிலேயர் போனதும் திருவிதாங்கூர் சுதந்திர நாடாகும் என்று அறிவித்தார். துறைமுகமும் கனிம மணலும் ஒரு சமஸ்தானத்தின் பழைய பெருமையும் அவர் பக்கம் இருந்தன. மக்கள் இல்லை. ஜூலை 25இல் அவர் தாக்கப்பட்டுக் காயமடைந்ததற்குப் பிறகு, அந்த மாத இறுதிக்குள் சமஸ்தானம் இந்தியாவோடு இணைய ஒப்புக்கொண்டது. சி.பி. தனி நாட்டை உண்மையிலேயே விரும்பினார், ஹூஸ்டன் அதை ஒரு தடுப்பாகப் பயன்படுத்தினார் என்ற வேறுபாடு இருந்தாலும், பின்னால் ஆளில்லாத தனி நாட்டுக்கு என்ன ஆகும் என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

அடிமைகள் பற்றிய கேள்வியில் டெக்சஸ் இன்னும் பின்தங்குகிறது. 1860இல் அதன் மக்கள் தொகை 6,04,215. அவர்களில் 1,82,566 பேர் அடிமைகள். 1836ஆம் ஆண்டுக் குடியரசின் அரசமைப்பே, அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குக் கிடையாது என்று எழுதிவைத்திருந்தது; சுதந்திரம் பெற்ற கறுப்பின மக்கள் நாடாளுமன்றத்தின் அனுமதி இல்லாமல் அங்கே குடியிருக்கவும் முடியாது. ஹூஸ்டனும் அடிமை உடைமையாளர்தான். பழைய குடியரசுக்குத் திரும்புவது என்பது அந்த அரசமைப்புக்குத் திரும்புவதாகவே இருந்திருக்கும். உண்மை வரலாற்றில் விடுதலைச் செய்தி 1865 ஜூன் 19 அன்று கால்வெஸ்டனில் ஒன்றியப் படைத்தலைவரின் ஆணையாக வந்து சேர்ந்தது. தனி நாடாக நடுநிலை வகித்திருந்தால் அந்தப் படை அங்கே வந்திராது. இதை முகத்துக்கு நேரே பார்த்து எழுதத் துணிந்தால் டெக்சஸ் ஒரு பெரிய நாவலாகலாம்; ஹூஸ்டனின் மிடுக்குக்காக மட்டும் எழுதினால் எனக்கு அதில் பங்கு வேண்டாம்.

பிழைப்பு என்று பார்த்தால் டெக்சஸ்தான் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. நடுநிலை நாட்டின் கொடியோடு கால்வெஸ்டனிலிருந்து கப்பல்கள் புறப்பட்டிருந்தால், வடக்கின் கடல் முற்றுகைக்கு அகப்படாமல் தெற்கின் பருத்தி முழுவதும் அந்த வழியைத் தேடியிருக்கும். நடந்த வரலாற்றில் மெக்சிகோவின் மதமோரோஸ் வழியாக ஓரளவு அப்படித்தான் போனது. இங்கே நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அமெரிக்கப் பருத்தி நின்றுபோனதால் பம்பாயில் பணம் கொழித்ததும், திருநெல்வேலிச் சீமைப் பருத்தி தூத்துக்குடியிலிருந்து கப்பலேறியதும், போர் முடிந்த 1865இல் பம்பாய்ப் பங்குச் சந்தை சரிந்து பலர் நொடித்துப்போனதும் நாம் அறிந்தவை. கால்வெஸ்டன் திறந்திருந்தால் அந்தக் கொழிப்பே வேறு மாதிரி இருந்திருக்கும் என்ற நண்பர் ஒருவரின் வாதம் எனக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது.

இனி கென்டக்கி. டெக்சஸில் வழக்கறிஞர் இருந்தார், கட்சிக்காரர்கள் இல்லை என்றேன். இங்கே கட்சிக்காரர்கள் மாநிலம் முழுவதும் இருந்தார்கள். லிங்கன், தெற்குக் கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் இருவரும் பிறந்த மாநிலம் அது. சமரசத்துக்காகக் கடைசி வரை உழைத்த செனட்டர் ஜான் கிரிட்டெண்டனின் மகன்களில் ஒருவர் வடக்கிலும் ஒருவர் தெற்கிலும் தளபதிகளானார்கள். படை அனுப்பும்படி லிங்கன் கேட்டபோது, சகோதரத் தென் மாநிலங்களை அடக்கும் தீய நோக்கத்துக்குக் கென்டக்கி ஆள் தராது என்று ஆளுநர் பெரியா மகோபின் பதில் அனுப்பினார். 1861 மே 16இல் சட்டமன்றத்தின் கீழவை நடுநிலைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. மே 20இல் ஆளுநர் நடுநிலையைப் பிரகடனம் செய்தார். அன்றிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை, இரண்டு தரப்பும் நுழையக் கூடாத ஒரு நிலமாக அது நடைமுறையில் இருந்தது. தனி நாடு என்ற பெயர் மட்டும்தான் இல்லை. லூயிவில் நகரிலிருந்து நாஷ்வில்லுக்குப் போகும் புதிய ரயில் பாதையில் அந்தக் கோடை முழுவதும் சரக்கு தெற்கே போய்க்கொண்டிருந்தது. மாநிலத்துக்குள் தெற்கின் மேல் பற்றுள்ள மாநிலக் காவற்படையும், ஒன்றியத்தின் மேல் பற்றுள்ள ஊர்க்காவற்படையும் எதிரெதிரே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தன.

அந்த நடுநிலையை எல்லோரும் எவ்வளவு கருத்தில் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு ஹென்றி கோட்டையைச் சொல்லலாம். டென்னஸி நதியின் வழியே வடக்கின் படை வந்துவிடாமல் தடுக்கத் தெற்கு ஒரு கோட்டை கட்ட வேண்டியிருந்தது. தகுந்த இடம் தேடியவர்கள், கென்டக்கி மண்ணில் காலை வைக்கக் கூடாது என்பதற்காக, எல்லைக்குத் தெற்கே தங்கள் பக்கத்திலிருந்த தாழ்ந்த கரையிலேயே அதைக் கட்டினார்கள். 1862 பிப்ரவரி 6இல் வடக்கின் பீரங்கிப் படகுகள் வந்தபோது கோட்டையின் ஒரு பகுதி ஆற்று வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. சண்டை அன்றைக்கே முடிந்துவிட்டது. வரைபடத்தில் ஒரு நாடாக இல்லாத நாட்டின் எல்லைக்கு மதிப்புக் கொடுத்துக் கட்டிய கோட்டை அது.

நடுநிலையை முறித்தது தெற்கின் தளபதி லியோனிடஸ் போல்க். மேலிடத்தின் அனுமதிக்குக் காத்திராமல் செப்டம்பர் 3ஆம் தேதி எல்லை தாண்டப் படையை அனுப்பி, மிசிசிப்பிக் கரையின் உயர்ந்த மேட்டில் இருக்கும் கொலம்பஸ் ஊரைப் பிடித்தார். ஆற்றின் குறுக்கே பெரிய இரும்புச் சங்கிலி ஒன்று கட்டப்பட்டது. அதன் சில கண்ணிகளும் நங்கூரமும் இன்றும் அந்த ஊர்ப் பூங்காவில் இருக்கின்றன. செப்டம்பர் 6இல் வடக்கின் தளபதி யுலிசிஸ் கிராண்ட், ஒஹாயோ நதிக்கரையில் கென்டக்கி பக்கம் இருக்கும் பதுகா ஊரைப் பிடித்தார். செப்டம்பர் 11இல் கென்டக்கி சட்டமன்றம் தெற்கின் படை மட்டும் வெளியேற வேண்டும் என்று தீர்மானித்தது. ஆளுநரின் மறுப்பாணையையும் மீறி அதை நிறைவேற்றியது. நடுநிலை முடிந்தது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு நிகழ்ச்சி அதே இரண்டு வாரங்களில் நடந்தது. ஆகஸ்டு 30 அன்று மிசௌரியில் வடக்கின் தளபதி ஜான் பிரிமான்ட், ஒன்றியத்துக்கு எதிராக ஆயுதம் ஏந்தியவர்களின் அடிமைகள் விடுதலை பெறுவார்கள் என்று ஆணையிட்டார். கென்டக்கி கொதித்தது. அதைத் திருத்தும்படி செப்டம்பர் 11இல் லிங்கன் உத்தரவிட்டார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்ட நண்பர் ஆர்வில் பிரவுனிங்குக்கு அவர் செப்டம்பர் 22இல் எழுதிய கடிதம்தான் என் வாதத்துக்கு முக்கியமான சான்று. அந்த ஆணையைக் கேள்விப்பட்டு ஒரு தொண்டர் படைப்பிரிவே ஆயுதங்களைக் கீழே போட்டுவிட்டுக் கலைந்துபோனதாகவும், தாம் கென்டக்கிக்குக் கொடுத்த ஆயுதங்களே தமக்கு எதிராகத் திரும்பலாம் என்று அஞ்சியதாகவும், கென்டக்கியை இழப்பது ஆட்டம் முழுவதையும் இழப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம் என்று தாம் நினைப்பதாகவும் அவர் அதில் எழுதுகிறார்.

ஆகவே நாம் மாற்ற வேண்டியவை இரண்டே முடிவுகள்: போல்க் கொலம்பஸைப் பிடிக்காமல் எல்லையில் நிற்க வேண்டும், லிங்கன் பிரிமான்டின் ஆணையைத் திருத்தாமல் விட வேண்டும். இரண்டும் தனி மனிதர் ஒருவர் தம் மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவுகள். ஆகஸ்டுத் தேர்தலில் கீழவையின் 100 இடங்களில் 76 இடங்களை ஒன்றிய ஆதரவாளர்கள் பிடித்திருந்தார்களே, அவர்கள் எப்படிப் பிரிவார்கள் என்று டெக்சஸ் நண்பர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். அந்த 76 பேரில் பெரும்பாலோர் விரும்பியது அடிமைமுறையைத் தொடாத ஒன்றியத்தை. அடிமை உடைமையாளர்களின் எண்ணிக்கையில் வர்ஜீனியா, ஜார்ஜியாவுக்கு அடுத்து நின்றது கென்டக்கி. அடிமையின் மேல் உடைமையாளருக்குள்ள உரிமை வேறு எந்தச் சொத்துரிமையையும் போலவே மீற முடியாதது என்று 1850ஆம் ஆண்டின் மாநில அரசமைப்பே எழுதிவைத்திருந்தது. தெற்கு எல்லை மீறாமலும், வடக்கு அடிமைகளை விடுவிக்கும் ஆணையோடு பக்கத்து மாநிலத்தில் நின்றுகொண்டும் இருந்தால், மாநிலத் தலைநகர் பிராங்க்போர்ட்டின் சட்டமன்றத்தில் அந்த 76 பேர் எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று லிங்கனுக்கே உறுதியில்லை. அவர் அஞ்சியதை நாம் கதையாக எழுதுகிறோம், அவ்வளவுதான்.

பிரிந்த கென்டக்கி எவ்வளவு காலம் நின்றிருக்கும்? அதிக காலம் இல்லை. காரணம் ஒஹாயோ நதி. அந்த நதி இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே பாதிப் பாதியாகப் பிரிக்கப்படவில்லை. வடகரையின் தாழ்நீர்க் கோடு வரை கென்டக்கிக்குச் சொந்தம் என்று 1820இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கென்டக்கி தனி நாடானால் பிட்ஸ்பர்க்கிலிருந்தும் சின்சினாட்டியிலிருந்தும் புறப்படும் வடக்கின் படகுகள் அயல்நாட்டு நீரில் ஓட வேண்டும். டென்னஸி, கம்பர்லாண்ட் நதிகள் இரண்டும் ஒஹாயோவில் கலக்கும் இடங்களும் கென்டக்கியில்தான் இருக்கின்றன. அந்த வழி அடைபட்டால் 1862இல் கிராண்ட் தெற்கே இறங்கிய பாதையே கிடையாது. காவிரித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு காவிரி வழக்கையும் நாளிதழில் படிக்கும் பெங்களூர்த் தமிழர்களுக்கு, மேலே இருப்பவர் யார், கீழே இருப்பவர் யார், நீர் யாருடையது என்ற வாதம் எங்கே கொண்டுபோய்விடும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒஹாயோவும் மிசிசிப்பியும் கூடும் இல்லினாய் மாநிலத்துக் கெய்ரோவில் கிராண்ட் படையோடு காத்திருந்தார். லிங்கன் ஒரு குளிர்காலம் பொறுத்திருப்பார். அதற்கு மேல் பொறுத்திருக்க மாட்டார்.

கென்டக்கியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இதே நதியின் இன்னொரு முகம். மாநிலத்தின் 11,55,684 பேரில் 2,25,483 பேர் அடிமைகள். அவர்களுக்கு ஒஹாயோவின் அக்கரை சுதந்திர மண். ஆனால் 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் அக்கரைக்கும் வந்து பிடித்துக்கொண்டு போகும். 1856 ஜனவரியில் நதி உறைந்திருந்தபோது மார்கரெட் கார்னர் என்ற பெண் குடும்பத்தோடு பனிக்கட்டியின் மேல் நடந்து சின்சினாட்டியை அடைந்தார். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்தபோது, குழந்தை மீண்டும் அடிமையாவதைவிட இறப்பதே மேல் என்று தன் சிறு மகளைத் தன் கையாலேயே கொன்றார். அவரைக் கொலைக் குற்றத்துக்காக விசாரிக்க ஒஹாயோ மாநிலம் கோரியது. அப்படிச் செய்தால் அவரைத் தங்கள் மண்ணிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அடிமை ஒழிப்பாளர்கள் எண்ணினார்கள். கூட்டாட்சிச் சட்டம் அதற்கும் இடம் தராமல் அவரைக் கென்டக்கிக்கே திருப்பி அனுப்பியது.

அவரைத் திருப்பி அனுப்பிய அந்தச் சட்டம் ஒன்றியத்தின் சட்டம். கென்டக்கி அயல்நாடாகிவிட்டால் அது செல்லாது; அங்கிருந்து தப்புகிறவரைத் திருப்பிக் கொடுக்கும் கடமை ஒஹாயோவுக்கோ இந்தியானாவுக்கோ இருக்காது. கனடா வரை ஓட வேண்டியவர்களுக்கு நதியைக் கடந்தாலே போதும். பிரிந்தால் கனடாவின் எல்லை ஒஹாயோவுக்கு வந்துவிடும் என்று அன்றைய எல்லை மாநிலத்து ஒன்றிய ஆதரவாளர்களே எச்சரித்தார்கள். நடந்த வரலாற்றில் ஒன்றியத்திலேயே தங்கிவிட்டதால் லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனம் கென்டக்கிக்குப் பொருந்தவில்லை. தப்பியோடிய அடிமைகள் சட்டமும் 1864 ஜூன் வரை நீக்கப்படவில்லை. அங்கே அடிமைமுறை முடிந்தது 1865 டிசம்பரில், 13ஆம் திருத்தம் நிறைவேறியபோது. அந்தத் திருத்தத்தையும் கென்டக்கி முதலில் நிராகரித்து 1976இல்தான் ஏற்றது. அடிமைகளைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரியும் ஒரு மாநிலம், பிரிவதாலேயே அவர்களை இழக்கத் தொடங்கும். தொடரின் முதுகெலும்பாக இதைவிட வலுவான ஒன்று மற்ற மாநிலங்களில் எனக்குக் கிடைக்கவில்லை.

இதில் இனிப்பான பக்கத்தை மட்டும் எழுதிவிடக் கூடாது. தப்பிவிடுவார்கள் என்று அஞ்சும் உடைமையாளர்கள், குடும்பங்களைப் பிரித்து அவசர அவசரமாகத் தெற்கே விற்றிருப்பார்கள். லெக்சிங்டன் சந்தையில் அந்த வியாபாரம் முன்பே நடந்துகொண்டிருந்தது. ஆற்றங்கரை மாவட்டத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு டென்னஸி எல்லையோரத்தில் இருப்பவருக்குக் கிடைக்காது. உண்மை வரலாற்றில் ஏறத்தாழ 23,000க்கும் மேற்பட்ட கென்டக்கிக் கறுப்பினத்தவர் ஒன்றியப் படையில் சேர்ந்தார்கள் என்பதும், 1864 நவம்பரில் கடுங்குளிரில் கென்டக்கியிலிருந்த ஒன்றியப் படையின் நெல்சன் முகாமிலிருந்து அவர்களுடைய மனைவி மக்கள் சுமார் 400 பேர் விரட்டப்பட்டு, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள் என்பதும், அந்தக் கொடுமை வெளிவந்த பிறகு 1865 மார்ச்சில் படைவீரர்களின் குடும்பங்களை விடுவிக்கும் சட்டம் வந்தது என்பதும் நம் மேசையில் இருக்க வேண்டும். மாற்று வரலாற்றில் அந்த ஆண்கள் எங்கே போய்ப் படையில் சேர்கிறார்கள், அந்தப் பெண்கள் எந்தக் கரையில் நிற்கிறார்கள் என்பதை ஒவ்வொருவராகப் பார்த்து எழுத வேண்டும்.

முடிவு நாம் எழுத விரும்பும் நீளத்தைப் பொறுத்ததும்கூட. இருபது ஆண்டுகளுக்கு நீளும் கதை வேண்டுமானால் கென்டக்கியால் தாங்க முடியாது. அப்போது டெக்சஸை எடுத்துக்கொண்டு, 1836ஆம் ஆண்டு அரசமைப்பைக் கதையின் நடுவில் வைத்து எழுத வேண்டும், வாக்காளர்களின் மனமாற்றத்துக்கு நம்பத்தகுந்த காரணத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு மாதக் கதை போதுமென்றால் கென்டக்கிக்கு நிகர் இல்லை. எங்களுக்கு மாதம் ஓர் அத்தியாயத்துக்கு மேல் எழுத நேரம் இருக்கப்போவதில்லை என்பதால், 1861 செப்டம்பரில் தொடங்கி 1862 பிப்ரவரியில் முடியும் கென்டக்கித் தொடரையே நான் பரிந்துரைக்கிறேன்.

சம்மதமானால் வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். பிராங்க்போர்ட் சட்டமன்ற விவாதங்களை வழக்கறிஞராக இருக்கும் நண்பர் எழுதட்டும். நதிப் போக்குவரத்தையும் லூயிவில் வணிகத்தையும் டெக்சஸ் அணியினர் எடுத்துக்கொள்ளட்டும், பருத்தியைப் பற்றி அவர்கள் திரட்டியதெல்லாம் அங்கே பயன்படும். சின்சினாட்டிக்கு எதிரே இருக்கும் கவிங்டன் கரையையும் அங்கிருந்து தப்பும் குடும்பங்களையும் நான் எழுதுகிறேன். அடுத்த கூட்டத்துக்கு வருபவர்கள் ஒஹாயோவின் அன்றைய வரைபடம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு வந்தால், பதுகாவிலிருந்து கவிங்டன் வரை எந்தெந்த ஊர்களை எடுத்துக்கொள்வது என்று அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.